அகராதி புடிச்ச ஓர்ப்படி

...'உதடு வீங்கிடுச்சு'ன்னு எழுதினா பத்தாதாம் சார்! எந்த உதடு, மேலா கீழா? எப்போ வீங்குச்சு, அன்னிக்கேவா மறுநாளா? கடிச்சு வீங்குச்சா, கடிக்காமலே வீங்குச்சா? அடடடா... நான் பல் டாக்டரா, இல்ல உதட்டோட வாழ்க்கை வரலாறு எழுத வந்தவளா? சொல்லுங்க! ...சொல்லாதீங்க, சொல்லாதீங்க, ஷீட் நகருது. வாயைத் திறந்தபடியே இருங்க. இன்னும் கொஞ்சம்... ஆங். இந்த ரப்பர் ஷீட்டை மாட்டிட்டா யாராலயும் பேச முடியாது. அதுக்காக மாட்டறதில்ல, பல்லுல எச்சில் படாம இருக்கத்தான். ஆனா எனக்கு அதுவும் ஒரு வசதிதான்னு வச்சுக்கங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க.

இந்தத் தொல்லையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுங்கறீங்க? ஊர் நடுவுல பல் ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, கண்ணாடிக் கட்டடம், அங்கேர்ந்துதான். புது ஃபில்லிங் ஒண்ணு வந்திருக்கு, வெள்ளையா, இப்ப உங்களுக்குப் போடறேனே அதேதான். அது எத்தனை நாள் நிக்குது, போடறப்போ யாருக்கு என்ன தொந்தரவு வருதுன்னு பாக்கணுமாம். அதுக்கு ஊர்ல இருக்கற க்ளினிக்கை எல்லாம் சேத்தாங்க. என்னையும் சேத்தாங்க. சேக்காம? இந்த வட்டாரத்துலயே கூட்டம் அதிகம் வர்ற க்ளினிக் என்னோடதுதான். பெருமைக்குச் சொல்லல... பெருமைக்குத்தான் சொல்றேன், போகட்டும்.

முதல்ல நல்லாத்தான் போச்சு சார். நடந்ததை அவங்கவங்க பாஷையில எழுதி அனுப்புவோம். நான் 'கழண்டுச்சு'ன்னு எழுதுவேன். எதிர்வரிசை டாக்டர் 'விழுந்தது'ம்பாரு. பாலத்துக்கிட்ட ஒரு டாக்டரம்மா இருக்காங்க, அவங்க 'பிரிந்தது'ன்னு எழுதுவாங்க, ஏதோ காதல் தோல்வி மாதிரி. இன்னொரு மகானுபாவர் வெறுமனே 'ஐயோ'ன்னு எழுதிட்டு ஒரு கோடு இழுத்து விட்டுடுவாராம். எல்லாம் ஒண்ணுதானே? படிக்கிறவங்களுக்குப் புரியாதா? புரியாதாம்! கம்ப்யூட்டருக்குப் புரியாதாம். கழண்டது வேற, விழுந்தது வேற, பிரிந்தது வேற, ஐயோ வேறன்னு தனித்தனியா வச்சுக்குதாம் அது. அவ்வளவு பெரிய கட்டடத்துல குளுகுளுன்னு ஏ.சி. போட்டு உக்கார வச்சிருக்காங்க, அதுக்கு ஐயோன்னா என்னன்னு தெரியல!

சரி, அதைச் சீர் பண்ண ஒரு ஆளைப் போட்டாங்க. உலகத்துல எத்தனையோ ஆளு இருக்கு. யாரைப் போட்டாங்க தெரியுமா? என் ஓர்ப்படியை! எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. என் கொழுந்தனார் விரும்பிக் கட்டிக்கிட்டு வந்த மகராசி. 'அகராதி'ன்னுதான் நான் அவளைச் சொல்றது. மூஞ்சிக்கு நேரா இல்ல... சில சமயம் நேராவும்தான். அவ வேலையே சொல்லுக்கு அர்த்தம் எழுதறது, குணமும் சொன்னதுக்கெல்லாம் எதிர்க்கேள்வி கேக்கறது. எந்த அர்த்தத்துல பாத்தாலும் அகராதி புடிச்சவ!

அவ படிப்புக்குப் பேரு ஆன்டாலஜி. எனக்கு முதல்ல 'ஆன்ட்டி'ன்னு காதுல விழுந்து, சரி, அத்தை சித்தியை எல்லாம் அனுசரிச்சுப் போறதுக்கு ஒரு படிப்பு போலருக்கு, குடும்பத்துக்கு உதவும்னு நெனச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு தொழில்ல புழங்கற சொல்லை எல்லாம் புடிச்சு, 'நீ இன்னதுதான்'னு கட்டிப்போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்து, எது எதுக்கு என்ன உறவுன்னு மரம் மாதிரி வரையறதாம். நூறு டாக்டர் நூறு விதமாச் சொன்னாலும் கடைசியில அந்த ஒரு நம்பர்ல வந்து நிக்கணுமாம். 'கழண்டுச்சு'க்கு என்ன பேரு வச்சா தெரியுமா? 'நிரப்புத் தோல்வி - ஒட்டு விடுதல்'. தோல்வியாம்! யாருக்குத் தோல்வி? பாக்கறவங்களுக்கு டாக்டரம்மாவே தோத்துட்ட மாதிரி இல்ல இருக்கு?

சனிக்கிழமையானா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்துடுவா. அந்த மூலை ஸ்டூல்ல உக்காந்துப்பா. ...திரும்பிப் பாக்காதீங்க சார், லைட்டு கண்ணுல அடிக்கும். நான் இங்க பல்லைப் புடுங்கிக்கிட்டிருப்பேன், அவ அங்க என் வாயைப் புடுங்குவா. "அக்கா, 'ஆட்டம்'னு எழுதியிருக்கீங்களே, ஆடறது பல்லா, ஃபில்லிங்கா?" "பல்லுதான்டி." "எவ்வளவு ஆடுது?" "ஆடற அளவுக்கு ஆடுது!" "அப்படி ஒரு அளவு இல்லக்கா." இப்படியே! "'கூச்சம்'னு போட்டிருக்கீங்க, பல்லு கூசுதா, ஆளு கூச்சப்படறாரா?" இதெல்லாம் ஒரு கேள்வியா சார்? ஆளு கூச்சப்பட்டா அதை நான் எதுக்கு எழுதப்போறேன்? ...ஒரு தடவை எழுதியிருந்தேன். ஒருத்தர் வாயைத் திறக்கவே மாட்டேன்னுட்டாரு... அது வேற கதை.

அப்புறம் 'வகை', 'பாகம்'னு ஒரு பாடம். "கடைவாய்ப்பல்லுங்கறது பல்லுல ஒரு வகை. வேருங்கறது பல்லோட ஒரு பாகம். இந்த ரெண்டு உறவையும் குழப்பினா மொத்த மரமும் தப்பாயிடும்க்கா"ன்னா. இந்த ஊர்ல பாதிப் பேரோட பல்லை வேரோட எடுத்தவ நான், எனக்கு வேர்ப் பாடம்! பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க கடிக்காதீங்க, மெஷின் உள்ள இருக்கு.

...என்ன, கையைத் தூக்கறீங்க? வலிக்குதா? இல்ல? கேள்வியா? முடிஞ்சதும் கேளுங்க.

எல்லாத்துக்கும் ஒரு எல்லை இருக்கில்ல? ஒரு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் எங்க வீட்ல சாப்பிட உக்காந்திருக்கோம். மாமனார், மாமியார், அண்ணன் தம்பி ரெண்டு பேரு, பசங்க. இவ மாமனாருக்கு அந்த வகை, பாகத்தை விளக்கிக்கிட்டிருக்கா. அவரும் கன்னத்துல கை வச்சு, "ஓஹோ... அப்படியா"ன்னு கேக்கறாரு. நான் க்ளினிக்கைப் பத்தி வாயெடுத்தா டிவி சத்தத்தைக் கூட்டற மனுஷன் சார் அவரு! எனக்கு எங்கியோ சுருக்குன்னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன், "ஏம்மா, அப்ப நீ இந்தக் குடும்பத்துல ஒரு வகையா, ஒரு பாகமா?"ன்னு.

ஜோக்குதான்! எல்லாரும் சிரிச்சாங்க. மாமியார் கொஞ்சம் அதிகமாவே சிரிச்சாங்க. "சந்தேகமென்ன, அது ஒரு வகைதான்"னு எங்க வீட்டுக்காரர் வேற எடுத்துக் குடுத்தாரு. கொழுந்தனார் தட்டைப் பாத்துக்கிட்டே சிரிச்சாரு. அவ சிரிக்கல. எதைக் கேட்டாலும் பதில் வச்சிருக்கறவ, பாதிச் சாப்பாட்டுல தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து உள்ள போயிட்டா. சமையலறையில குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒரு தட்டு கழுவ அவ்வளவு நேரமா?

இல்ல சார், நீங்க என்னைத் தப்பா நெனைக்கறீங்க, கண்ணைப் பாத்தாத் தெரியுது. எனக்கும் தெரியாம இல்ல. எங்க ஹால்ல ஒரு குடும்ப ஃபோட்டோ மாட்டியிருக்கு, பெருசா. அதுல அவ இல்ல. அவ கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது. புதுசா ஒண்ணு எடுக்கணும், எடுக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கோம். அவ பொண்ணுக்கே இப்ப பால் பல் விழ ஆரம்பிச்சாச்சு. அதுக்காக ஒரு ஜோக்கு கூட அடிக்கக்கூடாதா மனுஷி?

அதோட சனிக்கிழமை வர்றதை நிறுத்திட்டா. ஸ்டூல் காலி. நிம்மதின்னு நெனச்சேன். அடுத்த வாரமே இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்கிரீன் வந்து நிக்குது. இனிமே நாமளா எதுவும் எழுதக்கூடாது, பட்டியலைத் திறந்து அதுல இருக்கற சொல்லைத்தான் தொடணுமாம். வலியைத் தொட்டா பத்து வலி விரியுது! குத்தறது, இழுக்கறது, துடிக்கறது, மெல்லும்போது மட்டும் வர்றது... உதடு வீக்கத்தைத் தொட்டா அது ஒரு குடும்பம். நான் உக்காந்து ஒவ்வொண்ணா உறவுமுறை விசாரிச்சுக்கிட்டிருந்தா வெளிய காத்திருக்கறவங்க பல்லு தானா விழுந்துடும்.

ஆனா பாருங்க, ஒவ்வொரு பட்டியலுக்கும் அடியில 'மற்றவை'ன்னு ஒரு கட்டம். பட்டியல்ல இல்லாதது ஏதாவது வந்தா அதுல போட்டுட்டு, பக்கத்துல என்னன்னு எழுதணுமாம். ஆஹா, தங்கமான கட்டம்! கழண்டுச்சா, மற்றவை. வலியா, மற்றவை. ரத்தமா, மற்றவை. உதடு வீக்கமா, அதுவும் மற்றவை. ஒரே தட்டு, வேலை முடிஞ்சுது. பக்கத்துல எழுதற இடமா? அதுல ஒரு புள்ளி வச்சேன். புள்ளி வச்சாக் கம்ப்யூட்டர் கம்முனு ஒத்துக்கும். 'எங்கிட்டயா வேலையைக் காட்டறே'ன்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம், பொய் சொல்லக்கூடாது.

கொஞ்சம் அசையாதீங்க... தண்ணி அடிக்கறேன்... ஆங்.

இதுக்கு நடுவுல பாப்பா. அவ பொண்ணுதான். கடைவாய்ல ஓட்டை. அம்மா வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கறா, குட்டி கேக்கல, "பெரியம்மாகிட்டதான் வாயைத் திறப்பேன்"னு பிடிவாதம். கொழுந்தனார் கூட்டிட்டு வந்தாரு. அப்ப ரப்பர் ஷீட்டு பச்சைக் கலர், ஃபில்லிங்கோட சேத்து நிலையத்துலேர்ந்து எல்லா க்ளினிக்குக்கும் குடுத்தது. கண்ணாடியில பாத்து, "பெரியம்மா, நான் தவளை"ன்னு ஒரே சிரிப்பு. அவ்வளவு சமத்தா இருந்துச்சு குழந்தை. என் கையாலயே போட்டு விட்டேன், தூக்கி இறக்கி விட்டேன், டாட்டா காட்டிட்டுப் போச்சு.

சாயங்காலம் போன். உதடு இவ்வளவு பெருசா வீங்கி, வாயைச் சுத்தி செவசெவன்னு தடிச்சு, மூச்சு இழுக்குதுன்னு. நான் போட்டதைப் போட்டபடி விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டாங்க. வீக்கம் வடியறதுக்குள்ள எங்க எல்லாருக்கும் உசுரு போயிட்டு வந்துச்சு. காலையில எழுந்து உக்காந்து பால் குடிச்சா, நல்லாயிட்டா. ரப்பர் ஒத்துக்கலையாம் உடம்புக்கு. 

...கண்ணை ஏன் சார் அப்படி உருட்டறீங்க? இது அந்த ரப்பர் இல்ல! அது பச்சை, இது நீலம், சரக்கே வேற. உங்களுக்கு உதடு அரிக்குதா? இல்லேல்ல? அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க? கையைக் கீழ விடுங்க.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் அவ கேட்டா. அழுது முகமெல்லாம் வீங்கியிருக்கு, குரல் மட்டும் அதே சனிக்கிழமைக் குரல். "அக்கா, உங்க க்ளினிக்ல இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?" இல்லன்னேன். நெஜமா இல்லன்னுதான் சார் நெனச்சேன்! மரத்துப்போன உதட்டைப் பசங்க தெரியாம கடிச்சுக்கும், வீங்கும், மறுநாள் வடிஞ்சுடும். அம்மாக்காரங்க போன் பண்ணா, "கடிச்சிருப்பான், ஒண்ணுமில்ல"ம்பேன். எந்தப் பல் டாக்டரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாங்க.

அவ சொன்னா: "மத்த க்ளினிக்லேர்ந்து அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு வந்துச்சுக்கா. கடிக்காம வந்த உதடு வீக்கம், அன்னிக்கே. ஒவ்வொரு டாக்டருக்கும் அது ஒண்ணே ஒண்ணு, அதனால யாரும் பெருசா எடுத்துக்கல. எல்லாம் ஒரே நம்பர்ல வந்ததால எனக்குத் தெரிஞ்சுது. ரப்பரா இருக்குமோன்னு ஆராய்ச்சிக் குழுவுல சொன்னேன். 'கூட்டம் அதிகம் வர்ற க்ளினிக்ல ஒண்ணுகூட வரலையே, அப்ப தற்செயலாத்தான் இருக்கும், இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்'னுட்டாங்க."

கூட்டம் அதிகம் வர்ற க்ளினிக். நல்லா இருக்குல்ல கேக்க?

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை இங்க வந்து, என்னைக் கதவைத் திறக்கச் சொல்லி, அதே ஸ்டூல்ல உக்காந்தா. 'மற்றவை'யைத் திறந்தா. புள்ளி, புள்ளி, புள்ளி... வரிசையா கோலி உருட்டி விட்ட மாதிரி புள்ளி. போனை எடுத்து ஒவ்வொரு நோயாளி வீடா கூப்பிட ஆரம்பிச்சா. "எந்த உதடும்மா? அன்னிக்கேவா? கடிச்ச தடம் இருந்துச்சா?" அதே கேள்வி. நான் தண்ணி கொண்டு வந்து வச்சேன். குடிக்கல. நானும் ஒரு பக்கம் உக்காந்து ஞாபகம் வர்றவங்களை எல்லாம் சொன்னேன். அந்த ஸ்கூல் வாத்தியார் பையன், ஆமா, கடிக்கல. அந்த இரட்டைப் பசங்கள்ல ஒண்ணு, அதுவும் கடிக்கல. பொழுது சாயறதுக்குள்ள மத்த க்ளினிக் எல்லாம் சேத்து வந்ததை விட என் ஒருத்திகிட்டயே அதிகம் வந்துடுச்சு.

திட்டுவான்னு பாத்தேன் சார். திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன், ரெண்டு பேரும் கத்தி, மூக்கைச் சிந்தி, ஆறியிருக்கும். லேப்டாப்பை மூடினா, "வரேன்க்கா"ன்னா, போயிட்டா. அவ்வளவுதான்.

ரெண்டே நாள்ல அந்தப் பச்சை ரப்பரை எல்லா க்ளினிக்லேர்ந்தும் திருப்பி எடுத்துட்டாங்க. அதோட விட்டாங்களா? நிலையத்துல கூட்டம் போட்டு, அங்க தலைவரா இருக்கற பெரிய டாக்டர் மைக்கைப் புடிச்சு, "சந்தேகத்தைத் தீர்த்து வச்சது இவங்க க்ளினிக் தகவல்தான்"னு என்னை எழுப்பி நிக்க வச்சு கைதட்டறாரு சார்! அரங்கமே தட்டுது. பின்வரிசையில அவளும் தட்டினா. உள்குத்தெல்லாம் இல்ல, நெஜமாவே தட்டினா. நான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். வேற என்ன பண்றது? அந்த மாதிரி ஒரு கைதட்டலை என் எதிரிக்குக் கூட குடுக்கக்கூடாது.

அதுலேர்ந்து ஓர்ப்படியும் பாப்பாவும் ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றதில்ல. கொழுந்தனார் மட்டும் வாசல் வரைக்கும் வந்து அப்பா அம்மாவைப் பாத்துட்டுப் போறாரு. மாமியாருக்கு இப்ப திடீர்னு சின்ன மருமக மேல பாசம், "நீ போய் ஒரு வார்த்தை பேசேன்"ங்கறாங்க. அன்னிக்கு அதிகமாச் சிரிச்சது யாராம்? நான் எதுக்கு சார் பேசணும்? 'மற்றவை'ன்னு கட்டம் வச்சது நானா? அவதானே! ஒரு நாற்காலியைப் போட்டா யாராவது உக்காரத்தான் செய்வாங்க. புள்ளியை ஒத்துக்கிட்டது யாரு? கம்ப்யூட்டர்! எல்லாரும் சேந்து பண்ணதுக்கு நாக்கு மேல பல்லு போட்டு என்னை மட்டும் சொன்னா எப்படி? ...யாரும் சொல்லலதான். அதான் சொல்றேன்.

சரி, நீல லைட் அடிக்கறேன், கண்ணை மூடிக்கங்க... பீப்... ஆங், கெட்டியாயிடுச்சு. க்ளிப்பை எடுத்தாச்சு. ஷீட்டையும் கழட்டியாச்சு. உதட்டைக் காட்டுங்க. இந்தப் பக்கம். நல்லாத்தான் இருக்கு, ஒரு வீக்கமும் இல்ல. இன்னும் எழுந்துக்காதீங்க. கடிச்சுப் பாக்கணும், உயரமா இருந்தா தேய்ச்சு விடணும். ரெண்டு நிமிஷம் அப்படியே சாஞ்சிருங்க, நான் இதைப் பதிஞ்சுடறேன். அப்பப்போ பதியலேன்னா எனக்கு இப்பல்லாம் அடுத்த வேலை ஓடறதில்ல.

இதோ பாருங்க, கீழ்த்தாடை, வலது பக்கம், ரெண்டாவது கடைவாய்... தொட்டாச்சு. ஷீட் வகை, நீலம்... தொட்டாச்சு. உதடு வீக்கம், இல்லை. 'இல்லை'ன்னு தொட்டா மட்டும் பத்தாது, 'நேரில் பார்த்தேன்'னு இன்னொண்ணு தொடணும். அது புதுசு, எனக்காகவே வச்சிருக்கா. வச்சுக்கட்டும். நேர்லதானே பாத்தேன், தொடறதுல என்ன நஷ்டம்? ஒண்ணு சொல்றேன் சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, இப்ப இந்தப் பத்து வலியும் எனக்கு மனப்பாடம். போன வாரம் ஒரு அம்மா, 'ஒரு மாதிரி வலி'ன்னாங்க. "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி, குத்தலா இழுப்பா?"ன்னு நான் கேக்கறேன்! நான்! கேட்டுட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ...உங்களுக்கு எப்படி இருந்துச்சு? குத்துச்சா? இழுத்துச்சா? இப்ப பேசலாம் சார், ஷீட் எடுத்தாச்சு. ...சார்? ...சார்!

அடப்பாவி மனுஷா... போயிட்டாரா?

கழுத்துல கட்டின துணியை மடிச்சு வச்சுட்டுப் போயிருக்காரு, மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கடிச்சே பாக்கலியே! ராத்திரி சாப்பிடறப்போ தெரியும்.

இப்ப இதை எங்க போடறது? 'சிகிச்சையின் முடிவு'. 'முழுமையாக முடிந்தது'... எங்க முடிஞ்சுது, தேய்க்கவே இல்ல. 'அடுத்த வருகைக்கு ஒத்திவைப்பு'... அடுத்த வருகையா, இந்த ஆளா? 'நோயாளி மறுத்தார்'... எப்படி மறுப்பாரு, அவர் வாய் இவ்வளவு நேரமா என் கையில இல்ல இருந்துச்சு?

...

ஹலோ? ...நான்தான். ...ம், பெரியவதான். வேலை விஷயமாத்தான் கூப்பிட்டேன், வேற ஒண்ணுமில்ல. உன் மரத்துல ஒரு சொல் இல்ல. ...அதாவது, 'நோயாளி நடுவுல எழுந்து ஓடிட்டார்'. ...நெஜமாத்தான்டி! இப்பதான்! நாற்காலி சூடு கூட ஆறல. ...சிரிக்கிறியா? ...சிரி, சிரி, நல்லா சிரி. ...என்னது? அவராப் போனாரா, போற மாதிரி ஏதாவது நடந்துச்சான்னு தெரியணுமா? ரெண்டும் வேற வேற நம்பரா? ...நான் ஒண்ணும் பண்ணல. வேலை பாத்துக்கிட்டிருந்தேன். ...பேசிக்கிட்டும் இருந்தேன். ...கொஞ்ச நேரம். ...சரி, ரொம்ப நேரம். ...யாரைப் பத்தியா?

...உன்னைப் பத்தித்தான்.

...ஏய்... இருக்கியா?

...பாப்பா எப்படி இருக்கா? ...ம். ...ம். இடது பக்கம் ஒண்ணு பாக்கி இருக்கே அவளுக்கு, வேற யாருகிட்டயாவது காட்டினியா? ...என்கிட்டதான் வருவாளாமா? அவளா சொன்னா? ...

...நீ என்கிட்ட ஒண்ணு சொல்லணுமா? அன்னிக்குச் சாப்பிடறப்போ நான் கேட்டதைப் பத்தியா? ...இல்ல, வேலை ஒண்ணுமில்ல. அடுத்த ஆளு இன்னும் வரல. ...சொல்லு. நான் வாயைத் திறக்கல. நீ சொல்லு.